பனங்கலயத்துச் சுண்ணாம்பும் பெரிம்மாவின் நாக்கும்

எங்க சொந்தக்காரங்க வாட்ஸப் குழுவில் ஒரு பத்தியப் பட்டியல் ரொம்ப நாளா சுத்திக்கிட்டு இருக்கு. தலைப்பு: 'உங்கள் உடம்பில் ஈஸ்ட் பெருகிவிட்டதா?' அசதி, அரிப்பு, வயிறு உப்புசம், மறதி, தலைவலி, காரணமில்லாத எரிச்சல், இதில் எது இருந்தாலும் குடலுக்குள்ள ஈஸ்ட் குடும்பம் நடத்துதுன்னு அர்த்தமாம். (ரிலீஸ் வாரத்தில் எங்க டீமில் பதினோரு பேருக்கும் இந்த ஆறும் உண்டு. யாரும் ஈஸ்ட் மேல பழி போட்டதில்லை, மேனேஜர் மேலதான் :)) )

பட்டியலில் விலக்க வேண்டியவை: வெள்ளைச் சர்க்கரை, மைதா, பிரெட், பழம், அப்புறம் நம்ம இட்லியும் தோசையும். ஏன்னா மாவு புளிக்குது. சரி. இனிப்பில்லாம எப்படி இருக்கறது? அதுக்குக் கீழேயே பதில். பனைவெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாம் 'தாராளமாக'. ஏன்னா அது இயற்கை.

இங்கதான் எனக்கு உறுத்துச்சு. இந்தப் பத்தியத்தோட ஊர் அமெரிக்கா. அங்க எழுதின மூலப் பட்டியல்களில் தேனுக்கும் தடை, மேப்பிள் பாகுக்கும் தடை, வெல்ல வகையறா அத்தனைக்கும் தடை. அவங்க கணக்கு சரியோ தப்போ, ஒரே மாதிரி கணக்கு. கப்பலேறி நம்ம ஊருக்கு வந்து இறங்கினதும் பழுப்பு நிறத்துக்கு மட்டும் விலக்கு கிடைச்சிருக்கு. இந்த விலக்கை யார் கொடுத்தாங்க? எப்பக் கொடுத்தாங்க? இதைத் தோண்டப் போய்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வாங்க, சர்க்கரை உங்க இஷ்டம்.

எங்க ஊர் செஞ்சி. இப்போ சொன்னா வெளியூர் நண்பர்கள் 'ஓ, யுனெஸ்கோ!' என்கிறார்கள். 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் என்ற தொகுப்பில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிச்சாங்க. பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலை. நாயக்கர், பீஜப்பூர், 1677ல் சிவாஜி, 1690களில் ராஜாராமை உள்ளே வெச்சு முகலாயர் போட்ட வருஷக்கணக்கான முற்றுகை, தேசிங்கு ராஜா, பிரெஞ்சு, 1761ல் ஆங்கிலேயர். இந்தக் கதையெல்லாம் நிறைய பேர் எழுதிட்டாங்க. கோட்டையைச் சுத்தி நிக்கிற பனைமரத்தைப் பத்தி யாரும் அவ்வளவா எழுதறதில்லை. நம்ம விஷயம் அந்த மரத்து உச்சியில் தொங்கற கலயத்துக்குள்ள இருக்கு.

பனையேறி பாளையைச் சீவி கலயத்தைக் கட்டுவார். கட்டறதுக்கு முன்னாடி கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவார். தடவினா காலையில் இறங்கறது பதநீர். தடவாம விட்டா இறங்கறது கள். மரம் ஒண்ணு, பாளை ஒண்ணு, ஆள் ஒண்ணு. வித்தியாசம் அந்த விரலளவு சுண்ணாம்பு மட்டும்தான்.

என்ன நடக்குதுன்னா, பாளையிலிருந்து சொட்டுற சாறில் பத்து பன்னிரண்டு சதவீதம் சர்க்கரை. நம்ம டப்பாவில் இருக்கிற வெள்ளைச் சர்க்கரை எந்த மூலக்கூறோ அதேதான், சுக்ரோஸ். காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்திலும் ஈஸ்ட் எப்பவும் இருக்கு. சாறு விழ ஆரம்பிச்ச சில மணி நேரத்திலேயே அது வேலையைத் தொடங்கிடும். சுக்ரோஸை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ்னு ரெண்டா உடைச்சு, தின்னு, சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளியே விடும். கள் நுரைக்கறது அதனாலதான். சுண்ணாம்பு போட்டா சாறு காரமாகிடும். அந்தக் காரத்தில் ஈஸ்ட்டால தலையெடுக்க முடியாது. சர்க்கரை அப்படியே தங்கும். காய்ச்சினா பனைவெல்லம்.

நொதித்தலுக்குக் காரணம் உயிருள்ள ஈஸ்ட்தான்னு பாஸ்டர் பாரிஸில் நிறுவியது 1860ஐ ஒட்டி. பனையேறிக்கு பாஸ்டர் தெரியாது, ஈஸ்ட்டும் தெரியாது. ஆனா 'இந்த இனிப்பை ஏதோ ஒண்ணு தின்னப் பார்க்குது, சுண்ணாம்பு வெச்சா தின்னாது' என்கிறது தெரியும். எங்க தொழில் பாஷையில் சொன்னா, உள்ளே என்ன கோட் ஓடுதுன்னு தெரியாமலேயே பக்கை சரி பண்ணி, தலைமுறை தலைமுறையா புரொடக்‌ஷனில் ஓட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. தின்ன விட்டால் என்ன பயன்னும் தெரிஞ்சே இருந்தது. கேரளத்திலும் இலங்கையிலும் ஆப்ப மாவு உப்பறதுக்குக் கொஞ்சம் கள் ஊத்துவாங்க. பாக்கெட் ஈஸ்ட் வர்றதுக்கு முந்தின பாக்கெட் ஈஸ்ட் அது.

இப்ப அந்தப் பட்டியலைத் திரும்பப் பாருங்க. 'ஈஸ்ட்டுக்குப் பனைவெல்லம் ஆகாது, அதனால தாராளமா சாப்பிடலாம்.' பனஞ்சர்க்கரையை ஈஸ்ட் எவ்வளவு ஆசையா சாப்பிடும்னு உலகத்திலேயே நல்லாத் தெரிஞ்ச ஊருக்கு வந்து இதைச் சொல்றாங்க!

பேர் விஷயத்தில் ஒரு சின்ன இடைச்செருகல். எங்க வட தமிழ்நாட்டுப் பக்கம் இது பனைவெல்லம். கருப்பட்டிங்கிறது தெக்கத்திப் பேர். நெடுஞ்சாலை ஓரமெல்லாம் 'கருப்பட்டி காபி' போர்டு முளைச்ச பிறகுதான் எங்க பக்கமும் அந்தப் பேர் நாக்கில் ஏறுச்சு. சர்க்கரைங்கிற சொல் சமஸ்கிருத 'சர்க்கரா'விலிருந்து வந்தது, அதுக்கு மணல், சரளைன்னு அர்த்தம். அதே சொல்தான் அரபியில் சுக்கர் ஆகி ஐரோப்பாவில் ஷுகர் ஆச்சு. 'கண்ட' என்ற சொல் நம்மகிட்ட கற்கண்டு, அவங்ககிட்ட கேண்டி. சீனின்னு சொல்றது சீனாவை வெச்சு. ஆனா கரும்பு நமக்கு அதுக்கெல்லாம் ரொம்ப முந்தி. அதியமானின் முன்னோர் கரும்பைக் கொண்டுவந்த சேதி புறநானூற்றில் 99ஆம் பாட்டில், ஔவை சொல்வதா இருக்கு. ஆக ரெண்டாயிரம் வருஷமா நாம இனிப்பு தின்னுதான் வர்றோம். வெள்ளையா தின்ன ஆரம்பிச்சதுதான் புதுசு.

அந்த வெள்ளைக்கும் எங்க பழைய தென்னார்க்காடு ஜில்லாவுக்கும் நெருங்கிய உறவு. செஞ்சியிலிருந்து விழுப்புரம் தாண்டி கடலூர் போற வழியில் நெல்லிக்குப்பம். 1842ல் அங்கே சர்க்கரை ஆலை ஆரம்பிச்சாங்க. நவீன முறையில் இந்தியாவில் அமைஞ்ச முதல் சர்க்கரை ஆலைகளில் ஒண்ணுன்னு எப்பவும் சொல்லப்படறது. பாரி கம்பெனியோட ஆலை. 1788ல் சென்னைக்கு வந்த தாமஸ் பாரி பேரில்தான் நம்ம பாரிமுனையும் இருக்கு.

ஏன் 1842? அதுக்கு லண்டனையும் மேற்கிந்தியத் தீவுகளையும் கொஞ்சம் எட்டிப் பார்க்கணும். அதுவரைக்கும் ஆங்கிலேயன் டீயில் போட்ட சர்க்கரை, கரீபியன் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் விளைவித்தது. 1834ல் அடிமை முறை சட்டப்படி ஒழிஞ்சது. அங்க உற்பத்தி தடுமாறுச்சு. இந்தியச் சர்க்கரைக்கு இருந்த கூடுதல் சுங்க வரியை 1836ல் வங்காளத்துக்குக் குறைச்சாங்க, சில ஆண்டுகளில் சென்னைக்கும் அந்தச் சலுகை கிடைச்சது. அதே சமயம் அடிமைகளுக்குப் பதிலா மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு நம்ம ஆட்களை ஒப்பந்தக் கூலியா கப்பலேத்தினாங்க. பிற்பாடு 1860ல் நேட்டால், அப்புறம் ஃபிஜி. அந்தக் கப்பல்களில் தமிழர் நிறைய. ஒரு பக்கம் ஆலை இங்க வந்தது, இன்னொரு பக்கம் ஆளுங்க அங்க போனாங்க. இதைத் தனியா எழுதணும், இங்க நிறுத்திக்கறேன்.

ஒரு வேடிக்கை. இன்னிக்கும் சர்க்கரைப் பாக்கெட்டில் 'ஈ.ஐ.டி. பாரி'ன்னு பார்க்கிறோமே, அந்த ஈ.ஐ.டி. என்னன்னு தெரியுமா? ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ். டிஸ்டில்லரின்னா சாராயம் காய்ச்சுற இடம். சர்க்கரை எடுத்தது போக மிஞ்சற கழிவுப்பாகு, அதாவது மொலாசஸ், அதில் ஈஸ்ட்டை விட்டால் சாராயம். கலயத்தில் சுண்ணாம்பு தடவாத கதைதான், அளவு பெரிசு. சர்க்கரை ஆலையும் ஈஸ்ட்டும் பிறப்பிலேயே ஒட்டிப் பிறந்த ஜோடி.

ஆனா ஆலை வந்த உடனே எல்லார் வீட்டிலும் வெள்ளைச் சர்க்கரை வந்துடலை. ரொம்ப காலம் ஜாவாவிலிருந்து இறக்குமதி ஆன சீனி பணக்காரன் வீட்டு சமாச்சாரம். ஊரில் வெல்லம்தான். ரெண்டு விஷயம் அதை மாத்துச்சு. ஒண்ணு, 1912ல் கோயம்புத்தூரில் ஆரம்பிச்ச கரும்பு இனப்பெருக்க நிலையம். அங்க பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் நல்ல கரும்பை, யாரும் சீண்டாத காட்டு நாணல் இனத்தோடு ஒட்டுச் சேர்த்தாங்க. 1918ல் 'கோ 205' வெளிவந்தது. அந்த 'கோ' நம்ம கோயம்புத்தூர்தான். ரெண்டாவது, 1932ல் உள்நாட்டுச் சர்க்கரைக்கு அரசாங்கம் கொடுத்த இறக்குமதி வரிப் பாதுகாப்பு. நாட்டில் முப்பது சொச்சமா இருந்த ஆலைகள், அந்தப் பத்தாண்டு முடியறதுக்குள்ள நூத்தி முப்பதைத் தாண்டிச்சு. சர்க்கரை மலிஞ்சது. அப்புறம் ரேஷன் வந்தது. அரிசி வேண்டாம், சர்க்கரை போதும்கிறவங்களுக்குன்னே 'சர்க்கரை கார்டு'ன்னு ஒண்ணு வெச்சிருக்கிற மாநிலம் நம்மளுது. செஞ்சி வட்டத்திலேயே செம்மேட்டில் ஆலை வந்தது. திண்டிவனம் விழுப்புரம் ரோட்டில் முண்டியம்பாக்கத்தில் இன்னொண்ணு.

வெள்ளை எப்படி வந்ததுன்னு ஆச்சு. பழுப்புக்கு எப்படி மரியாதை வந்தது?

அது மதுவிலக்கோட வால் பிடிச்சு வந்தது. 1937 அக்டோபரில் ராஜாஜி அரசாங்கம் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டு வந்தது. 1948 அக்டோபர் 2ல் மாகாணம் முழுக்க ஆச்சு. கள்ளுக்கடை மூடினா பனையேறி என்ன செய்வார்? காந்தி இயக்கத்துக்காரங்க சொன்ன பதில் பனைவெல்லம். கஜானன் நாயக் என்ற ஊழியர் நாடு முழுக்க இதுக்காகவே அலைஞ்சார். நம்ம தஞ்சாவூர்க்காரர் ஜே.சி.குமரப்பாவோட வாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கரும்பு நல்ல நஞ்சை நிலத்தையும் தண்ணியையும் பிடிச்சுக்குது, பனை யாரும் உழாத தரிசில் தானா நிக்குது. சர்க்கரையைப் பனையிலிருந்து எடுத்துக்கிட்டா கரும்பு நிலத்தில் தானியம் விளையும். இன்னிக்குப் படிச்சாலும் அடிச்சுப் பேச முடியாத கணக்கு. பனைவெல்லத்தில் இரும்பு முதலான தாதுக்கள் கொஞ்சம் இருக்கு, ஆலைச் சர்க்கரையில் அதுவும் இல்லைன்னும் சொன்னாங்க. அதுவும் உண்மைதான்.

கவனிச்சீங்களா? பனையேறி பிழைப்பு, நிலம், தண்ணீர், சுதேசி, கொஞ்சம் தாது. இவ்வளவும் நியாயம். இதில் எங்கேயும் 'இதைச் சாப்பிட்டா சர்க்கரை நோய் வராது, பூஞ்சை வளராது'ன்னு நிரூபிச்ச சங்கதி இல்லை. பொருளாதாரத்துக்காகக் கொடுத்த மரியாதையை நாம மருத்துவச் சான்றிதழா மாத்திக்கிட்டோம்னுதான் எனக்குத் தோணுது. ஆலைச் சர்க்கரையில் சுக்ரோஸ் 99.5 சதவீதத்துக்கு மேல. வெல்லத்தில் சுக்ரோஸும் உடைஞ்ச சர்க்கரையும் சேர்ந்து எண்பது சொச்சம் வரும். மீதியில் பெரும்பகுதி ஈரம். தேனிலும் ஏறக்குறைய அதே எண்பது. குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போனபின் குளுக்கோஸுக்கு நிறமும் இல்லை, சொந்த ஊரும் இல்லை.

(மதுவிலக்கின் மிச்சக் கதை: 1971ல் விலக்கிக்கிட்டாங்க, 1974ல் திரும்ப வந்தது, 1981ல் திரும்பத் திறந்தது. 1987 ஜனவரி முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 1983ல் பிறந்த டாஸ்மாக் மட்டும் சௌக்கியம். அங்க விக்கறதில் பெரும்பாலும் மொலாசஸ் சாராயம். ஆக, கரும்புப் பாகைத் தின்ற ஈஸ்ட்டுக்கு லைசென்ஸ், பனஞ்சாறைத் தின்ற ஈஸ்ட்டுக்கு கேஸ். விக்கிரவாண்டி பக்கம் நரசிங்கனூர் பனையேறிகள் இதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்காங்க.)

இனி அந்த ஈஸ்ட் பத்தியம். உடம்பில் வளர்ற ஈஸ்ட் கள்ளில் இருக்கறது இல்லை, அதன் தூரத்துச் சொந்தம். பேர் கேன்டிடா. நம்மில் பாதிப் பேருக்கு மேல வாயிலோ குடலிலோ அது சும்மா குடியிருக்கு. 1839ல் ஜெர்மனியில் லாங்கன்பெக் என்பவர் காய்ச்சலில் செத்த ஒருத்தரின் தொண்டைக் குழாயில் முதன்முதலா இதைப் பார்த்து எழுதினார். அந்தக் காய்ச்சலுக்கே இதுதான் காரணம்னு நினைச்சுட்டார். பார்த்த முதல் நாளிலேயே இதன் மேல அநியாயப் பழி! 1923ல் வெச்ச முழுப் பேர் கேன்டிடா அல்பிகன்ஸ். ரெண்டு பாதிக்கும் லத்தீனில் வெள்ளைன்னுதான் அர்த்தம். வெள்ளையம்மா வெளுத்தம்மா மாதிரி. 1950ல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன்னு ரெண்டு பெண் விஞ்ஞானிகள் ஒரு பண்ணை மண்ணிலிருந்து நிஸ்டாட்டின் மருந்தைக் கண்டுபிடிச்சாங்க. தபாலில் மண்ணையும் மருந்தையும் மாத்தி மாத்தி அனுப்பியே வேலை பார்த்தாங்க. அந்தக் காலத்து வொர்க் ஃப்ரம் ஹோம்.

1978ல் அலபாமாவில் ஓரியன் டிரஸ் என்ற டாக்டர், மனச்சோர்வு முதற்கொண்டு பல நாள்பட்ட தொல்லைகளுக்குக் கேன்டிடாதான் காரணம்னு எழுத ஆரம்பிச்சார். 1983ல் வில்லியம் குரூக் 'தி ஈஸ்ட் கனெக்‌ஷன்'னு புத்தகமே போட்டார். சக்கைப்போடு போட்டுச்சு. சர்க்கரை நிறுத்து, ஈஸ்ட் சேர்த்த பண்டம் நிறுத்து, நிஸ்டாட்டின் சாப்பிடு. எங்க குழுவில் சுத்தறதுக்குப் பாட்டன் இதுதான். 1986ல் அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர் சங்கம் இது நிரூபிக்கப்படாத ஊகம்னு அறிவிச்சது. 1990ல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் ஒரு ஆய்வு. இந்த 'நோய்' இருக்கறதா நம்பின 42 பெண்களுக்கு நிஸ்டாட்டினும் வெத்து மாத்திரையும் மாத்தி மாத்திக் கொடுத்தாங்க. பிறப்புறுப்பு அரிப்புக்கு மருந்து கேட்டது. அசதி, சோர்வு வகையறாவில் வெத்து மாத்திரைக்கும் மருந்துக்கும் வித்தியாசம் இல்லை. 1999ல் ஜெர்மனியில் ஆரோக்கியமா இருந்த 28 பேருக்கு வேணும்னே சர்க்கரையை அள்ளிக் கொடுத்துப் பார்த்தாங்க. குடலில் கேன்டிடா எடுத்துச் சொல்லும்படி ஏறலை.

காரணம் ரொம்ப எளிசு. நாம தின்ற சர்க்கரை சிறுகுடலின் மேல்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்குப் போயிடும். கீழே காத்திருக்கிற ஈஸ்ட்டுக்கு மிச்சம் அதிகம் கிடைக்காது. ரத்தத்துக்குப் போன சர்க்கரையை இன்சுலின் ஒரு அளவில் கட்டி வைக்கும். அப்படிக் கட்டி வைக்க முடியாதவங்க நிலைமைதான் வேற. அங்க எச்சிலில் சர்க்கரை, சிறுநீரில் சர்க்கரை, எதிர்த்து நிக்க வேண்டிய வெள்ளையணுக்களும் மந்தம். சுண்ணாம்பு தடவாத கலயம் அதுதான். வாயில் வெள்ளைப் படலம், அக்குளில் இடுப்பு மடிப்பில் அரிப்பு, பெண்களுக்குத் திரும்பத் திரும்ப வெள்ளைப்படுதல், ஆண்களுக்கு முன்தோல் புண். பல பேருக்கு நீரிழிவின் முதல் அறிவிப்பே இதுதான். சிறுநீரில் எறும்பு மொய்க்குதுன்னு நம்ம பழைய வைத்தியர்கள் பார்த்துச் சொன்ன அதே சமாச்சாரம். எறும்புக்குத் தெரிஞ்சது ஈஸ்ட்டுக்கும் தெரியும்.

எங்க பெரிம்மாவுக்கு நடந்தது இதுதான். செஞ்சியில் இருக்காங்க, அறுபத்தி ரெண்டு வயசு. 'பார்டரில் இருக்கு'ன்னு ரெண்டு வருஷம் முன்னாடி யாரோ சொன்னதோட சரி, அப்புறம் ஊசி முனையில் ரத்தம் கொடுக்கலை. நாக்கு வெள்ளையாச்சு, சாப்பாடு ருசிக்கலை, மடிப்பில் அரிப்பு. குழுவில் வந்த பட்டியலைப் பார்த்து பத்தியம் ஆரம்பிச்சாங்க. வெள்ளைச் சர்க்கரை டப்பா வீட்டை விட்டே போச்சு. பதிலுக்குப் பனைவெல்லக் காபி. ஆரோக்கியமாச்சேன்னு ஒரு நாளைக்கு நாலு டம்ளர். காலையில் வெந்நீரில் தேன். நாலு மாசத்தில் ஆறு கிலோ குறைஞ்சாங்க. 'பாத்தியாடா தம்பி, கெட்டதெல்லாம் வெளியேறுது'ன்னு போனில் ஒரே சந்தோஷம். குழுவில் எல்லாரும் கைதட்டுற படம் போட்டாங்க.

கெட்டது வெளியேறலை. உடம்புதான் உருகிக்கிட்டு இருந்தது. பெரிப்பா ஒரு நாள் ராத்திரியில் அஞ்சு தடவை எழுந்து தண்ணி குடிக்கறதைப் பார்த்துட்டு கட்டாயமா லேபுக்குக் கூட்டிப் போனார். வெறும் வயித்தில் 268. மூணு மாசச் சராசரி சொல்ற ஏ1சி 10.9. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துட்டு, 'என்னம்மா, இவ்ளோ நாள் எங்க இருந்தீங்க'ன்னு மட்டும் கேட்டாராம். வாய்க்கு குளோட்ரிமசோல், சர்க்கரைக்கு மாத்திரை. பத்து நாளில் நாக்கு சுத்தம். சர்க்கரை இறங்க இறங்க அரிப்பும் போச்சு. இட்லியைத் திரும்பக் கொடுத்தாங்க, எண்ணி மூணு.

இது ஒரு குடும்பத்துக் கதை மட்டும் இல்லை. 2021 மே மாசம் ஞாபகம் இருக்கா? கருப்புப் பூஞ்சை. அது ஈஸ்ட் இல்லை, வேற சாதி. ஆனா அதே கதவு வழியாத்தான் வந்தது. கொரோனா, அதுக்கு ஸ்டீராய்டு, கட்டுக்கடங்காத ரத்தச் சர்க்கரை. அந்த ஜூலைக்குள்ள நாட்டில் 45 ஆயிரம் பேருக்கு மேல. கண்ணை எடுத்தாங்க, தாடையை எடுத்தாங்க. பாதிக்கப்பட்டவங்களில் பெரும்பாலோர் நீரிழிவுக்காரங்க. ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023ல் சொன்னபடி இந்தியாவில் பெரியவங்களில் 11.4 சதவீதம், அதாவது 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. பாதிப்பு தெரியாமலே நடமாடறவங்க அதில் நிறைய.

சாப்பிடற சர்க்கரை வேற, கசியற சர்க்கரை வேறன்னு காட்ட இன்னொரு சாட்சியும் இருக்கு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்னு நீரிழிவு மாத்திரைகள். ரத்தத்தில் மிஞ்சற சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடறது இவற்றின் வேலை. நல்ல மருந்துகள், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு. 2020லும் 2025லும் காப்புரிமை முடிஞ்சு விலையும் நல்லா இறங்கிடுச்சு. இதன் முக்கியமான பக்க விளைவு என்ன தெரியுமா? பிறப்புறுப்பில் ஈஸ்ட் தொற்று. ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடுதலா தின்னாமலேயே! சர்க்கரை எங்க கசியுதோ அங்க ஈஸ்ட். இதைச் சாப்பிடறவங்க அரிப்பு வந்தா வெட்கப்படாம டாக்டர்கிட்ட சொல்லுங்க, மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. சுத்தமா இருந்தாலே பாதி குறையும், மீதிக்குக் களிம்பு இருக்கு.

'அப்ப செயற்கை இனிப்பு?'ன்னு கேப்பீங்க. சாக்கரின் 1879ல் அமெரிக்காவில், கை கழுவாம சாப்பிட உட்கார்ந்த ஃபால்பெர்க் என்ற விஞ்ஞானியால் கண்டுபிடிக்கப்பட்டது. சுக்ரலோஸ் 1976ல் லண்டனில். பேராசிரியர் 'டெஸ்ட்' பண்ணச் சொன்னதை நம்ம நாட்டு மாணவர் சசிகாந்த் ஃபட்னிஸ் 'டேஸ்ட்'னு காதில் வாங்கி நாக்கில் வெச்சுட்டார்னு கதை. உயிரோட இருந்து கோடி ரூபாய் சமாச்சாரத்தைக் கண்டுபிடிச்சார். இதுவும் சீனித்துளசியும் ரத்தச் சர்க்கரையை ஏத்தாது. ஆனா பொடிப் பாக்கெட்டில் பல சமயம் நிரப்புப் பொருளா டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் கலந்திருக்கும், பின்பக்கம் படிங்க. உடம்பு இளைக்க இதை நம்பாதீங்கன்னு 2023 மேயில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஏற்கெனவே நீரிழிவு இருக்கறவங்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாதுன்னும் அதிலேயே எழுதியிருக்கு, செய்தியில் அந்த வரி மட்டும் காணாமப் போயிடுச்சு. அதே வருஷம் ஜூலையில் அஸ்பார்டேமைப் 'புற்றுநோய் வர வாய்ப்பிருக்கலாம்' பட்டியலில் சேர்த்தாங்க, தினசரி அளவை மட்டும் கிலோவுக்கு 40 மில்லிகிராம்னு பழையபடியே விட்டுட்டாங்க. ஒரு காபிக்கு ஒரு மாத்திரை போடறவங்க அந்த அளவுக்குப் பக்கத்திலேயே போக முடியாது. என்னைக் கேட்டா, காபியில் இனிப்பைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நாக்கைப் பழக்கறதுதான் செலவில்லாத வழி. பெரிம்மா இப்ப அரை ஸ்பூனில் நிக்கறாங்க.

நாக்கு வெள்ளையா இருக்கா, அரிப்பு திரும்பத் திரும்ப வருதா, பட்டியல் தேடாம முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு இல்லை. 2021 ஆகஸ்டில் ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்த்தாங்க. விழுப்புரம் பக்கம்னா அரசு மருத்துவக் கல்லூரி 2010லிருந்து முண்டியம்பாக்கத்தில் இருக்கு. ஆமா, சர்க்கரை ஆலை இருக்கிற அதே முண்டியம்பாக்கம்தான். பஸ்ஸில் போனா மொலாசஸ் வாசனை வந்ததும் எழுந்து நில்லுங்க, ஸ்டாப்பிங் வந்துடும்.

பி.கு: மாசி பிறந்தா திண்டிவனம் ரோட்டோரம் பதநீர் வந்துடும். நல்ல சரக்கு, வாங்கிக் குடிங்க, பனையேறிக்கு நாலு காசு. நீரிழிவுக்காரங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: கலயத்துச் சுண்ணாம்பு ஈஸ்ட்டைத்தான் விரட்டும், சர்க்கரையை விரட்டாது. ஒரு பெரிய டம்ளரில் கிட்டத்தட்ட அஞ்சாறு ஸ்பூன் இருக்கு.